கிணற்றுமேட்டில் ஒரு படகு எஞ்சின்

மாமா கடலை விட்டு வந்தபோது கையில் மீன் இல்லை, கருவாடு இல்லை. ஒரு எஞ்சின் இருந்தது. பருத்திக்கொட்டை ஏற்றி வந்த லாரியின் ஓரத்தில் சாக்கைப் போர்த்திப் படுத்திருந்த அதை, நாலைந்து பேர் கம்பு கொடுத்து இறக்கினார்கள். சாக்கை விலக்கியதும் ஒரு வாடை எழுந்தது. டீசல் வாடை எங்களுக்குப் பழக்கம். இது டீசலுக்கு அடியில் கிடந்த வேறொன்று. ஊறப்போட்டு மறந்த துணியைப் போல, உப்பும் இரும்பும் கலந்த ஏதோ ஒன்று. டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டு நடுவில், மழைக்காலத்திலும் முழங்கால் நனையாத ஓடையைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடல் என்பது எனக்கு மாமா போயிருந்த ஊரின் பெயர், அவ்வளவுதான்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன மாப்ள, நம்ம கம்மாயில கப்பல் விடப் போறியா?"

"மொதல்ல கம்மாய்க்குத் தண்ணி வரட்டும்யா. கப்பல அப்பறம் விட்டுக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எதற்கும் முதல் ஆளாகச் சிரிக்கிற மாமா அன்று சிரிக்கவில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பஞ்சை, தூங்கும் பிள்ளையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவதுபோல விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் அம்மாவின் தம்பி. பதினெட்டு வயதில் கருவாட்டு லாரிக்குக் கிளீனராகப் போனவர், ராமநாதபுரத்துக் கரையில் லாரி நின்றதும் கடலைப் பார்த்திருக்கிறார். லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அங்கேயே ஒருவரோடு சேர்ந்தார். அந்தக் கூட்டாளி கடற்கரையில் பிறந்தவர், மாமாவை விடப் பத்து வயது மூத்தவர். இரண்டு பேரும் பாதிக்குப் பாதி போட்டு எஞ்சின் வைத்த ஒரு படகு வாங்கினார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் மாமா அவரைப் பற்றித்தான் பேசுவார். நீந்தத் தெரியாத மாமாவை இடுப்பில் கயிறு கட்டிக் கடலுக்குள் இறக்கி நீச்சல் பழக்கியவர், மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'கெணத்துக்காரா' என்றே கூப்பிடுபவர். கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்குக் கடல் என்ன தெரியும் என்று கேலி. அந்தக் கேலியைச் சொல்லும்போது மாமாவின் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

அந்தக் கூட்டாளி இறந்துபோனதை, பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதிலிருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி நான் தெரிந்துவைத்திருந்தேன். நடுக்கடலில் எஞ்சின் சூடேறிப் புகைந்திருக்கிறது. படகு எஞ்சின் கடல் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர வைத்துக்கொண்டு, சூடான தண்ணீரைப் பக்கவாட்டில் துப்பிக்கொண்டே போகுமாம். அன்று துப்பவில்லை. தண்ணீர் உறிஞ்சும் வாய் படகின் அடியில் இருக்கிறது. அதில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்கக் கூட்டாளி கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்திருக்கிறார். காற்று கூடிவிட்டது. அலை படகைத் தூக்கிப் போட்டது. மாமா கயிற்றை இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது.

இதற்குமேல் யாரும் சொல்லவில்லை. படகை விறகு விலைக்குத் தள்ளிவிட்டு எஞ்சினோடு வந்துவிட்டார் என்பதில் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "இனிமே அவன் கடலுக்குப் போகட்டும், கால ஒடிக்கிறேன்" என்று சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். அப்பாவுக்கு வேறு நிம்மதி. எங்கள் கிணற்றுக்குக் கரண்டு இன்னும் வரவில்லை. வாடகை எஞ்சின்காரர் கூப்பிட்ட நேரத்துக்கு வருவதில்லை. கத்தரிச் செடி இலை சுருண்டு நின்றது. "கெணத்துல வச்சு ஓட்டலாம் மச்சான்" என்று மாமா சொன்னதும், அப்பா மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆச்சரியம் அதுதான். கடல் எஞ்சினைக் கரிசலுக்குக் கொண்டுவருகிறவன் கத்தரிச் செடிக்காகவா கொண்டுவருவான்? ஆனால் தண்ணீர் இல்லாத ஊரில் எல்லாக் காரியத்துக்கும் தண்ணீர்தான் காரணம் என்று நம்புவது சுலபம்.

கிணற்றுமேட்டில் கல் பதித்து எஞ்சினை உட்கார வைத்தார்கள். பெல்ட் மாட்டி, கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் பெரிய பம்போடு இணைத்தார்கள். எஞ்சினைக் குளிர வைக்க அதன் உடம்போடு ஒட்டிய சின்னப் பம்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பக்கத்துத் தொட்டிக்குள் இறங்கியது. தொட்டித் தண்ணீரை உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றி அனுப்பி, சூட்டோடு வாய்க்காலில் விட வேண்டும். கடலுக்குப் பதில் தொட்டி. வேறு வித்தியாசம் இல்லை.

அப்போது ஒன்று நடந்தது. எங்கள் பக்கத்தில் கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிவாயில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டிவிடுவது வழக்கம். பாசி, தவளைக்குஞ்சு, வேர் எதுவும் உள்ளே போய்ப் பம்பைக் கெடுக்காமல் துணி தடுத்துவிடும். பிறந்த பிள்ளைக்கு அரைஞாண் கட்டுவதுபோல, யோசிக்காமல் கை தானாகச் செய்கிற வேலை. அப்பாவும் அப்படித்தான் அம்மாவின் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு அந்தத் தொட்டிக் குழாயின் வாயைத் தேடிப் போனார்.

"வேணாம் மச்சான்!"

மாமா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. தென்னையில் இருந்த காக்கை எழுந்து பறந்தது. அப்பா துணியும் கையுமாக நின்றார். "பாசி போயிரும்டா" என்றார். "போகட்டும். இதுக்குக் கட்டக் கூடாது" என்று துணியை வாங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டார் மாமா. கடல்காரர்களுக்குக் கடல்காரர்களின் சாஸ்திரம் என்று நினைத்திருப்பார் அப்பா. தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. சூடான தண்ணீர் விழுகிற குழாயின் அடியில் கையை வைத்துக்கொண்டிருந்து, மாமா "எப்படி இருக்கு தாயி?" என்று கேட்கும்போதெல்லாம் சொல்ல வேண்டும். குளிர்ச்சியா, வெதுவெதுப்பா, பிள்ளை குளிக்கிற சூடா, கை வைக்க முடியாத சூடா. பாவாடையைச் சொருகிக்கொண்டு வாய்க்காலில் நின்றேன். எஞ்சின் கிளம்பியபோது கிணற்றுச் சுவரிலிருந்து புறாக்கள் கொத்தாக வெளியே வந்தன. அந்தச் சத்தம் வாடகை எஞ்சினின் சத்தம் இல்லை. கொஞ்சம் தடித்த, நெஞ்சுக்குள் இருந்து வரும் சத்தம். முதலில் வெதுவெதுப்பு. கொஞ்ச நேரத்தில் பிள்ளை குளிக்கிற சூடு. பிறகு தண்ணீர் நூலாக மெலிந்தது, ஆவி வந்தது, கையை இழுத்துக்கொண்டு நான் கத்தினேன். மாமா எஞ்சினை நிறுத்தினார்.

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. மாமா முகத்தில் ஏமாற்றமே இல்லை. காத்திருந்தது வந்துவிட்டது என்பதுபோலச் சட்டையைக் கழற்றிக் கொம்பில் மாட்டினார்.

அதன்பிறகு அவர் அந்த எஞ்சினை விட்டு எழுந்ததில்லை. உறிஞ்சும்போது ரப்பர் குழாய் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். சின்னப் பம்பின் பெல்ட் வழுக்குகிறதா என்று சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தார். பம்பைத் திறந்து, உள்ளே சுழலும் ரப்பர் சக்கரத்தின் இதழ்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். அது புதுசு. படகு கரைக்கு வந்தபோது உள்ளே இருந்த சக்கரம் பிய்ந்து கிடந்ததால், துறையில் இருந்த மெக்கானிக் மாற்றிப் போட்டது.

"பழசப் போட்டு ஓட்டியிருக்காங்கன்னு மெக்கானிக் எல்லாரு முன்னாடியும் தூக்கிக் காட்டிட்டான் மச்சான்."

"யாரு பாக்குற வேலடா அது?" என்றார் அப்பா.

"எஞ்சின் வேல பூராம் எங் கூட்டாளிதான் பாப்பாரு."

அப்பா 'உச்' கொட்டினார். மாமா ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

எஞ்சினுக்குள் தண்ணீரைத் திறந்துவிடவும் தடுக்கவும் ஒரு சின்ன வால்வு உண்டு. சூடு பட்டால் தானாகத் திறக்கும். அது திறக்கிறதா என்று பார்க்க, மாமா அதை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த ரசச் சட்டியில் போடப் போனார். "ஏண்டா, ஒனக்கு எஞ்சினு, எனக்கு ரசம்டா!" என்று அம்மா அகப்பையை ஓங்கினாள். பிறகு வேறு சட்டியில் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். மூன்று பேரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் கொதித்தது, பித்தளை வாய் மெதுவாகத் திறந்தது. அம்மா கூட "அட" என்றாள். ஆக, வால்விலும் குற்றம் இல்லை.

உப்புப் படிந்திருக்கும் என்றார் மாமா. கடல் தண்ணீர் ஓடி ஓடி எஞ்சினின் உள்சுவரில் சுண்ணாம்பு மாதிரி கட்டியிருக்கும், கரைக்க வேண்டும். அதற்கென்று ஏதோ மருந்து மதுரை வெளிவீதியில் கிடைக்கும் என்று பேச்சு வந்தது. அம்மாதான், பித்தளைக் குடத்துக்குப் போடுவதை இதற்குப் போட்டால் என்ன என்று வருஷப் புளியில் ஒரு பந்தை எடுத்துக் கரைத்துக் கொடுத்தாள். புளித்தண்ணீரை எஞ்சினின் வயிற்றில் ஊற்றி மறுநாள்வரை ஊற வைத்தார்கள். ஊரே சிரித்தது. "புளிக்குழம்பு கொதிச்சிருச்சா மாப்ள?" என்று வேலிக்கு அப்பாலிருந்து விசாரித்தார்கள். திறந்துவிட்டபோது செம்மண் நிறத்தில் கொழகொழவென்று வந்தது. யாரும் பார்க்காதபோது விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். புளிப்பைத் தாண்டி, கைப்பைத் தாண்டி, தொண்டையின் அடிவரை இறங்கிய ஒரு கரிப்பு. கடலை நான் முதலில் கண்ணால் பார்க்கவில்லை; நாக்கால் பார்த்தேன்.

அதற்குப்பிறகு எஞ்சின் கூடுதல் நேரம் தாங்கியது. கத்தரியில் பாதிக்குத் தண்ணீர் போனது. ஆனாலும் கடைசியில் தண்ணீர் மெலிந்து, என் கை சுட்டது.

மிச்சம் இருந்தது ஒரே இடம். சின்னப் பம்பிலிருந்து வரும் தண்ணீர் எஞ்சினின் உடம்புக்குள் நுழைகிற வாசலில், முழங்கையை மடக்கியது போன்ற ஒரு வளைவு. துருப்பிடித்த இரண்டு போல்ட் அதைப் பிடித்திருந்தன. எதைக் கழற்றும்போதும் அப்பா அந்த இடத்தைக் காட்டுவார். "அது கடைசில பாத்துக்கலாம் மச்சான்" என்பார் மாமா. துரு இளக மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார். கழற்ற மட்டும் இல்லை. கடைசியில் ஒருநாள் ஸ்பேனரை அதில் மாட்டியவர், திருப்பாமல் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். பிறகு எழுந்து ஸ்பேனரை அப்பாவிடம் நீட்டினார்.

"நீங்க கழட்டுங்க மச்சான்."

"ஏண்டா, கை வழுக்குதா?"

மாமா வாய்க்காலைத் தாண்டிப் போய், எங்களுக்கு முதுகு காட்டிக் கத்தரிக் காட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

அப்பா கழற்றினார். நான் அவர் தோள் பக்கத்தில்தான் நின்றேன். வளைவைத் தட்டியதும் கறுப்பாக மூன்று ரப்பர்த் துண்டுகள் அவர் உள்ளங்கையில் விழுந்தன. பிய்ந்துபோன பழைய சக்கரத்தின் இதழ்கள். உள்ளே இன்னும் ஏதோ இருந்தது. சுண்டுவிரலை விட்டு இழுத்தார். ஈரமாக, முறுக்கேறி, நீளமாக வந்தது. துணி. அப்பா அதைப் பெருவிரலால் விரித்தார். எண்ணெய்க் கறுப்புக்கு அடியில் அரக்கு நிறம். அரக்கில் வெள்ளைப் பொட்டுகள்.

சுங்குடி. அம்மாவின் சேலை. மாமா ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், கடல் காற்றுக்குப் போர்த்திக்கொள்ள மெத்தென்று இருக்கும் என்று அம்மா பழைய சுங்குடிகளைச் சுருட்டி அவர் பையில் வைப்பாள். அதில் ஒன்று. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்தது. அவர் கையை மூடினார். துணி அவர் வேட்டி மடிப்புக்குள் போனது. என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"என்ன மச்சான் இருந்துச்சு?" மாமா திரும்பாமலே கேட்டார்.

"ரப்பர்தான் மாப்ள. மெக்கானிக் சொன்னது சரிதான். பழசு, ஒடஞ்சு வந்து அடச்சிருக்கு."

"வேற?"

"வேற என்ன?"

"வேற ஒண்ணும் இல்லையா மச்சான்?"

அப்பா கமிஷன் கடையில் ஈரப் பருத்தியைக் காய்ந்த பருத்தி என்று கண் இமைக்காமல் சாதிக்கக்கூடியவர். அவருக்குப் பொய் ஒன்றும் புதிது இல்லை. ஆனால் அன்று அந்த ஒரு சொல்லைச் சொல்லுமுன் வேட்டி மடிப்பை இறுக்கிச் சொருகிக்கொண்டார்.

"இல்ல."

மாமா திரும்பினார். வந்து அப்பாவின் உள்ளங்கையில் இருந்த ரப்பர்த் துண்டுகளைப் பார்த்தார். அப்படியே வாய்க்காலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வியர்வையைக் கழுவுகிறார் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் அப்பா வெந்நீர் அடுப்பில் அந்தத் துணியைப் போட்டதைப் பார்த்தேன். ஈரத்தில் புகைந்து பிறகு பற்றியது. கட்டக்கூடாது என்று மாமா கத்தியது ஞாபகம் இருந்தும், எனக்கு இரண்டும் சேரவில்லை. நல்ல சேலையை எஞ்சினுக்குள் திணித்ததற்கு அம்மா மாமாவைத் திட்டுவாள், அதற்காக அப்பா மறைக்கிறார், அவ்வளவுதான் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். மாமாவைக் காப்பாற்றும் அந்தக் கூட்டில் நானும் ஒருத்தி என்று பெருமையாகக்கூட இருந்தது.

எஞ்சின் ஓடியது. என் கைக்கு நாள் முழுக்க வெதுவெதுப்புத்தான். கத்தரி நிமிர்ந்தது. மாமா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். வேலிக்கு அப்பால் இருந்து வந்த கேலிக்கு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கூட்டாளியின் வீட்டுக்குப் போய்வருவதாகச் சொன்னார். சாவுக்குப்பிறகு அவர் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. எஞ்சினில் பாதி அவர்களுடையது. ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். "அந்தப் புள்ளைக்கு ஆறுதலா இருக்கும், யாரு மேலயும் தப்பில்லன்னு சொல்லிட்டு வா" என்று அம்மா ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பினாள். அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் மத்தியானம் மாமா திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் நடந்து வந்தார். கூட்டாளியின் மனைவி. விடிகாலையில் மாமா வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னதும் மகனைப் பக்கத்து வீட்டில் விட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாராம். ஒல்லியாக, கறுப்பாக, வெயிலில் கண்ணைச் சுருக்காமல் பார்க்கிறவராக இருந்தார். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இருக்கட்டுக்கா. எஞ்சினப் பாத்துர்றேன்."

எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர் தண்ணீரை மறுத்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. அம்மாவின் கையில் செம்பு அப்படியே நின்றது.

கிணற்றுமேட்டுக்கு எல்லோரும் போனோம். மாமா எஞ்சினைக் கிளப்பினார். அந்தச் சத்தம் வந்ததும் அந்த அத்தையின் கழுத்து நரம்பு ஒருமுறை துடித்தது. நேராக வந்து, நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் இறங்கி, சூட்டுத் தண்ணீருக்கு அடியில் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"தொறந்தது நீங்கதானாண்ணே? உள்ள என்ன இருந்துச்சு?"

"ரப்பர்தாம்மா. பம்புக்குள்ள சுத்துற சக்கரம். பழசாயி ஒடஞ்சிருக்கு. யாரையும் குத்தம் சொல்ல முடியாதும்மா."

"பழசா?"

"ஆமாம்மா."

"அது புதுசுண்ணே."

எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கேட்டது.

"கடைசியாப் போறதுக்கு முந்துன வாரந்தான் மாத்துனாரு. நாந்தான் கடைக்குப் போயி வாங்கியாந்தேன். சொன்னா எவளும் நம்ப மாட்டேங்கிறா. பொண்டாட்டி வேற எப்படிச் சொல்லுவாங்கிறா. பழசப் போட்டு ஓட்டி, தானே தன்னக் கொன்னுக்கிட்டான்னு தொறை பூராம் பேச்சு. எம் மகன் கேக்குறான், அப்பா ஏம்மா அத மாத்தலன்னு." அவர் கையை அந்தத் தண்ணீரிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. "நல்லா ஓசிச்சுச் சொல்லுங்கண்ணே. அந்த ரப்பர் பழசா இருந்துச்சா?"

அப்பா பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பார்க்க வேறு எதுவும் இல்லாமல் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

மாமா போய் எஞ்சினை நிறுத்தினார். வாய்க்காலில் கடைசித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதுகூடக் கேட்டது.

"துணி மதினி" என்றார் மாமா.

தொட்டிக்குள் கிடந்த ரப்பர் குழாயின் வாயைத் தூக்கிக் காட்டினார்.

"எங்க ஊருல கெணத்துக் கொழாய்ல கட்டுவோம், பாசி போகாம. கெணத்துத் தண்ணி ஒரே இடத்துல நிக்கும், துணி தாங்கும். அங்க சொறி மீனு கொழகொழன்னு கூட்டமா வந்து வந்து அடைக்குதுன்னு, படகு கரையில கெடந்தப்ப அடியில பூந்து கட்டிவிட்டேன். அவருகிட்டச் சொல்லல. சொன்னா, கெணத்துக்காரன் புத்தியப் பாருன்னு சிரிப்பாரேன்னு சொல்லல. ஓடுற ஓட்டத்துல உள்ள இழுத்துருக்கும். சக்கரத்துல சுத்திப் புதுசப் பிச்சிருக்கும். என்னன்னு பாக்கத்தான் அவரு எறங்குனாரு." குழாயைத் தொட்டிக்குள்ளேயே விட்டார். "நாங் கட்டுனதப் பாக்கத்தான் எறங்குனாரு மதினி. கரைக்கு வந்து பாத்தப்பத் துணி இல்ல. கழண்டு கடல்ல போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படியே இருக்கணும்னு நெனச்சுக்கிட்டேன்." அப்பாவிடம் திரும்பினார். "இருந்துச்சுல்ல மச்சான்?"

அப்பா தரையைப் பார்த்தபடியே சொன்னார். "இருந்துச்சு."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மாமாவை அந்த அத்தை அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார், குறைந்தது கத்துவார் என்று நான் பயந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தண்ணீரிலிருந்து கையை எடுத்து, மெதுவாகத் தன் சேலையில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அப்பப் புதுசுதான்" என்றார்.

"புதுசுதான் மதினி."

"இத தொறையில வந்து சொல்லுவியா தம்பி? அம்புட்டுப் பேரு முன்னாடியும்?"

"சொல்றேன்."

"எம் மகன் முன்னாடி?"

மாமாவின் தலை மட்டும் அசைந்தது. பிறகு குரல் வந்தது. "சொல்றேன் மதினி."

அவர் ஒருமுறை எஞ்சினைப் பார்த்தார். அதற்குப்பிறகு மாமாவையும் பார்க்கவில்லை, எஞ்சினையும் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, சோறு இருக்கா?"

அம்மா ஓடினாள். இலை அறுக்க ஆள் இல்லாமல் தானே போய் அறுத்து வந்தாள். அந்த அத்தை கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பு ஊற்றிப் பிசைந்து, பெரிய பெரிய கவளமாக, நிமிராமல். செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அதைத் துடைக்கச் சாப்பாட்டை நிறுத்தவில்லை. அப்பா வாசலில் நின்றார். மாமா கிணற்றுமேட்டிலிருந்து வரவே இல்லை. இரண்டாம் முறை அம்மா சோறு வைத்தபோது, போதும் என்று அவர் சொல்லவில்லை.

தப்பு செய்தவனைத் தேடி அவர் அவ்வளவு தூரம் வந்ததாக நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். தப்பு செய்யாதவன் ஒருவனை, தன் புருஷனை, திரும்ப அழைத்துப் போகவே அவர் வந்தார் என்பது, என் வீட்டிலும் ஒரு சாவு விழுந்து, இறந்தவரைப் பற்றி ஊர் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டபிறகே எனக்குப் புரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், விடிகாலை பஸ் ஏறிய மனுஷிக்குப் பசிக்காமல் இருக்குமா என்பதுதான். அடுப்படிக்குள் ஓடிப்போய், எனக்கென்று அம்மா எடுத்துவைத்திருந்த அப்பளத்தைக் கொண்டுவந்து அவர் இலையில் வைத்தேன்.